ஐசி போய்விட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் முடிகின்றன: "ஐசி போய்விட்டது என்று நினைக்கிறேன், புதிதாக வாங்கிவிடட்டுமா?" வேண்டாம், வாங்காதீர்கள். மன்னார்குடியில் பந்தலடிக்குப் பக்கத்தில் மோட்டார் ஸ்டார்ட்டர் பலகைகளையும் டைமர்களையும் பழுது பார்த்துப் பிழைப்பவள் நான். ஐசி என்று இங்கே நான் சொல்வது, புரோகிராமை ஏற்றி வேலை வாங்கும் சில்லைத்தான்; புரோகிராம் ஏறவில்லை என்று என் மேசைக்கு வரும் ஐசிகளில் உண்மையிலேயே செத்தவை மிகக் குறைவு. மின்சாரம் கால் வரை போய்ச் சேர்ந்திருக்காது. கிரவுண்ட் கம்பி விட்டிருக்கும். கடிகாரம் நின்றிருக்கும். அல்லது வேறொரு பொருள் அதே கம்பியைப் பிடித்து வைத்திருக்கும். உயிருள்ள ஐசியைக் குப்பையில் போடுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அதனால் பதில்கள் சில நீளமாகத்தான் இருக்கும்.

கேள்வி: அக்கா, மயிலாடுதுறையில் பாலிடெக்னிக் கடைசி ஆண்டு படிக்கிறேன். வாய்க்கால் நீர்மட்டத்தைக் காட்டும் கருவிதான் எங்கள் குழுவின் புராஜெக்ட். ஏடிமெகா328பி ஐசியைப் பிரெட்போர்டில் வைத்து யூஎஸ்பிஏஎஸ்பி (கணினியிலிருந்து ஐசிக்குள் எழுதும் புரோகிராமர்) மூலம் புரோகிராம் ஏற்றினோம். முதல் நாள் ஏறியது. வேகம் போதவில்லை என்று இணையத்தில் பார்த்து ஃபியூஸ் பிட்டை மாற்றினோம். அதிலிருந்து 'டார்கெட் பதில் தரவில்லை' என்றே வருகிறது. வேறு இரண்டு ஐசிகளிலும் அதையே செய்து பார்த்தோம். அவையும் அப்படியே ஆகிவிட்டன. மூன்றும் எரிந்துவிட்டன என்கிறார் கடைக்காரர். விரைவில் செய்முறைத் தேர்வு வருகிறது.

பதில்: மூன்றும் உயிரோடு இருக்கின்றன, தம்பி. ஒரே மாற்றத்தைச் செய்ததும் மூன்றும் ஒரே மாதிரி பேச்சை நிறுத்தின என்பதே அதற்குச் சாட்சி. எரிகிற ஐசிகள் அப்படிச் சொல்லிவைத்தாற்போல் எரிவதில்லை.

இந்த ஐசிக்குள் யூஎஸ்பிஏஎஸ்பி வழியாக எழுதவேண்டும் என்றால் ஐசியின் சொந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பிட்டையும் அது தன் கடிகாரத்தை வைத்துத்தான் பார்த்து வாங்குகிறது. ஐசி எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புகளை வைத்திருக்கும் இடங்கள்தான் ஃபியூஸ்கள்; கீழ், உயர், நீட்டிப்பு என்று மூன்று உண்டு. தொழிற்சாலையிலிருந்து வரும்போது ஏடிமெகா328பியின் கீழ் ஃபியூஸ் ஹெக்ஸ் எண்ணில் 62. உள்ளே இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில் ஓடு என்று அதற்குப் பொருள். நீங்கள் எந்த எண்ணைப் போட்டீர்கள் என்று எழுதவில்லை. வேகத்துக்காக மாற்றியதால் எஃப்எஃப் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அது 'வெளியே ஒரு கிரிஸ்டல் இருக்கிறது, அதை வைத்து ஓடு' என்னும் கட்டளை. உங்கள் பிரெட்போர்டில் கிரிஸ்டல் இல்லை. ஐசி அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து கிரிஸ்டலுக்காகக் காத்திருக்கிறது. கடிகாரம் ஓடாததால் உங்கள் புரோகிராமரின் பேச்சு அதன் காதில் விழவில்லை.

அது கேட்பதைக் கொடுங்கள். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை 9, 10ஆம் கால்களுக்கு இடையே செருகி, இரண்டு காலிலிருந்தும் கிரவுண்டுக்கு 22 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று வையுங்கள். கிரிஸ்டல் ஐசியை ஒட்டி இருக்கட்டும். இப்போது ஏவிஆர்டியூட் மென்பொருளில் எதையும் எழுதாமல் கையொப்பத்தை, அதாவது ஐசி தன் வகையைச் சொல்லும் எண்ணை, மட்டும் படியுங்கள். 1ஈ 95 0எஃப் என்று வந்தால் உங்கள் ஐசி கிடைத்துவிட்டது. மூன்று ஃபியூஸ்களையும் படித்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழ் ஃபியூஸை மட்டும் 62 என்று திருப்பி எழுதுங்கள். வேகம் வேண்டுமென்றால் ஈ2 எழுதலாம். அதே உள் ஆஸிலேட்டர் வகுக்காமல் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நீர்மட்டம் பார்க்க அது தாராளம்.

கிரிஸ்டல் வைத்தும் பேசவில்லை என்றால் நீங்கள் போட்டது ஈ0 அல்லது 60 ஆக இருக்கலாம். அது கிரிஸ்டலைக் கேட்காது, தயாரான சதுரத் துடிப்பைக் கேட்கும். கல்லூரியில் ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகை இருக்குமே. அதன் 9ஆம் பின்னில் டைமர் ஒன்றைக் கொண்டு 1 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு வரும்படி சிறு நிரல் ஏற்றி, அந்தத் துடிப்பை ஐசியின் 9ஆம் காலுக்குக் கொடுங்கள். இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க மறக்காதீர்கள்.

இங்கே இன்னொன்றும் குறுக்கே வரும். புரோகிராமர் கம்பியில் ஓடும் துடிப்பு, ஐசியின் கடிகாரத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸ் ஐசிக்கு 250 கிலோஹெர்ட்ஸ்தான் எல்லை. யூஎஸ்பிஏஎஸ்பி தன் இயல்பான வேகத்தில் 375 கிலோஹெர்ட்ஸில் பேசும். புத்தம்புது ஐசிகூடச் சிலரிடம் அடம்பிடிப்பது இதனால்தான். கட்டளை வரியில் பெரிய எழுத்து 'பி' (-B) கொடுத்து அதன் பின் 10 என்று போட்டால் வேகம் சுமார் 94 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும். பலகையில் 'ஸ்லோ' ஜம்பர் இருந்தால் அதைப் போட்டாலும் சரி. நிதானமாகப் பேசினால் எந்த ஐசிக்கும் கேடு இல்லை.

வரும் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கையொப்பம் முழுக்கப் பூஜ்யமாகவோ முழுக்க எஃப் ஆகவோ வந்தால், ஐசியிலிருந்து பதில் வரும் மிசோ கம்பி ஒரே நிலையில் கிடக்கிறது. மின்சாரத்தையும் கம்பிகளையும் பாருங்கள். படிக்கும்போதெல்லாம் வெவ்வேறு எண் வந்தால் பெரும்பாலும் வேகம் அதிகம் அல்லது எங்கோ ஒரு கம்பி ஆடுகிறது. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்து அது எதிர்பார்த்த எண்ணாக இல்லாவிட்டால் ஐசி நலமாக இருக்கிறது, நீங்கள் மென்பொருளில் சொன்ன பெயர்தான் தவறு.

ஃபியூஸ் பிட்டில் 0 என்றால் 'போட்டது', 1 என்றால் 'போடாதது'. நாம் பழகிய வழக்கத்துக்கு இது நேர் எதிர். இணையத்தில் கட்டங்களை டிக் செய்து எண் வாங்கும்போது பலரும் இங்கேதான் தலைகீழாகப் போகிறார்கள். ரீசெட் காலைச் சாதாரணக் காலாக மாற்றும் பிட்டைத் தொடவே தொடாதீர்கள். அதைப் போட்டுவிட்டால் யூஎஸ்பிஏஎஸ்பி உள்ளே நுழைய வழி இல்லை, 12 வோல்ட் கொடுத்து எழுதும் தனிக் கருவி வேண்டும். 28 கால் ஐசிக்கு அதற்கான கம்பிகளும் ஏராளம். தேர்வுக்கு முன் அந்த வேலையில் இறங்க முடியாது.

உங்கள் பிரெட்போர்டையும் சந்தேகப்படுங்கள். நீளமான பலகைகள் சிலவற்றில் ஓரத்து மின்தடம் நடுவில் துண்டாகி இருக்கும். கோடு மட்டும் தொடர்ந்து அச்சாகியிருக்கும். மல்டிமீட்டர் முனைகளை ஐசியின் கால்மேலேயே வைத்து 7க்கும் 8க்கும் இடையே, பிறகு 20க்கும் 22க்கும் இடையே அளந்து பாருங்கள். இரண்டு இடத்திலும் 5 வோல்ட் வரவேண்டும். 20ஆம் காலை அனலாக் வேலைக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதற்கும் மின்சாரம் கொடுங்கள். இரு இடத்திலும் '104' என்று அச்சிட்ட கெப்பாசிட்டர் ஒவ்வொன்று, ரீசெட் காலிலிருந்து 5 வோல்ட்டுக்குப் பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இவை இல்லாத சர்க்யூட்டை நான் சோதிக்கவே எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் கடைக்காரரிடம் மூன்று ஐசியையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவரும் தெரிந்துகொள்ளட்டும். அடுத்து வரும் மாணவனுக்கு உதவும்.

கேள்வி: அம்மா, ஒரத்தநாடு பக்கம் விவசாயம். மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து ராத்திரியில் வயலுக்கு ஓட முடியவில்லை. என் மகன் ஊனோ பலகையும் சிம்800எல் மாட்யூலும் வாங்கி, போன் செய்தால் மோட்டார் ஓடும்படி செய்து கொடுத்தான். அவன் வெளியூர் போய்விட்டான். அவன் அனுப்பிய புதிய நிரலை நான் ஏற்றப் பார்த்தால் 'நாட் இன் சிங்க்' என்று பத்து வரி வருகிறது. பலகை கெட்டுவிட்டதா?

பதில்: பலகை கெடவில்லை, ஐயா. நீங்களே ஏற்றப் பார்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

முதல் வேலை வேறு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 415 வோல்ட் இருக்கிறது. மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பலகையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, வீட்டில் வைத்து வேலை பாருங்கள். மின்சாரம் இருக்கும் பெட்டிக்குள் மடிக்கணினி கேபிளை நுழைக்கவே கூடாது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

இனி பலகை. ஊனோவில் 0, 1 என்று எண் போட்ட இரண்டு பின்களும் கணினியிலிருந்து யூஎஸ்பி வழியாக வரும் பேச்சுக்கும் சொந்தமானவை. அவற்றில்தான் உங்கள் மகன் சிம் மாட்யூலைக் கோத்திருக்க வேண்டும். கணினி 'நிரல் கொண்டு வந்திருக்கிறேன்' என்று சொல்லும்போது மாட்யூலும் அதே கம்பியில் கையை வைத்திருக்கிறது. அந்த இரண்டு கம்பிகளையும் உருவிவிட்டு ஏற்றுங்கள். ஏறியதும் மறுபடி செருகுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் மாட்யூலை 7, 8ஆம் பின்களுக்கு மாற்றி, நிரலிலும் அதற்கேற்பத் திருத்தித் தரும்படி மகனிடம் சொல்லுங்கள். ஊனோவின் 5 வோல்ட் சிக்னல் மாட்யூலுக்குள் போகும் கம்பியில் இரண்டு ரெசிஸ்டர் வைத்து அதைக் குறைக்கவும் சொல்லுங்கள். அந்த மாட்யூலின் சிக்னல் 3 வோல்ட்டுக்கும் கீழே.

நீங்கள் கேட்காத ஒன்று. சிம்800எல் டவரோடு பேசும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்குத் தேவை 3.4 முதல் 4.4 வோல்ட். ஊனோவின் 5 வோல்ட் பின்னிலிருந்து மெல்லிய ஜம்பர் கம்பியில் அதற்கு மின்சாரம் எடுத்தால், தலைமடையில் நிறைந்து ஓடும் தண்ணீர் கடைமடைக்கு வராத கதைதான். சப்ளையில் அளந்தால் சரியாக இருக்கும், மாட்யூலில் அந்தக் கணத்தில் சரிந்துவிடும். மாட்யூல் அணைந்து அணைந்து எழும். தனி சப்ளை, தடித்த குட்டைக் கம்பி, மாட்யூலின் காலடியில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. சிம் கார்டும் 2ஜி சேவை உள்ள நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். 4ஜி மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தின் சிம்மை இது ஒருநாளும் ஏற்காது.

கேள்வி: வலங்கைமானிலிருந்து எழுதுகிறேன். ஆர்டுயினோ நானோ பலகையைச் செருகினால் விளக்கு எரிகிறது, கணினியில் போர்ட்டே வரவில்லை.

பதில்: கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் செய்ய மட்டும் வரும் கேபிளில் தரவுக் கம்பிகள் இரண்டும் இருக்காது. விளக்கு எரிவதற்கு மற்ற இரண்டு போதும். கேபிள் மாற்றியும் வரவில்லை என்றால் பலகையின் யூஎஸ்பி சில்லுக்கான சிஎச்340 டிரைவரைக் கணினியில் நிறுவுங்கள். போர்ட் வந்தும் ஏறாவிட்டால் மென்பொருளில் 'பழைய பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பூட்லோடர் என்பது உள்ளே இருந்து புது நிரலை வாங்கி எழுதும் சிறு நிரல்; பழையது 57,600 வேகத்தில் பேசும், புதியது 1,15,200இல்.

கேள்வி: கும்பகோணத்தில் டைமர் பலகைகள் பழுது பார்க்கிறேன். தயாரிப்பாளர் ஒருவர் கொடுத்த ஹெக்ஸ் கோப்பு (ஐசியில் ஏற்றத் தயாரான நிரல்) என்னிடம் இருக்கிறது. பிக் 12எஃப்675 ஐசியை மலிவான ஒரு புரோகிராமரில் முழுக்க அழித்து அந்தக் கோப்பையே ஏற்றினேன். ஏறியது, சரிபார்த்தலும் தேறியது. பலகையில் வைத்தால் ரிலே அசையவே இல்லை. புது ஐசியில் அதே கோப்பு ஓடுகிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும்: வேறு நிறுவனத்தின் பலகையிலிருந்து ஐசியைப் படித்தால் எல்லாம் பூஜ்யமாக வருகிறது. அதை எப்படி எடுப்பது?

பதில்: முதல் கேள்வி அருமையான கேள்வி. 'ஏறியது, சரிபார்த்தது, ஓடவில்லை' என்ற மூன்றும் சேர்ந்து வரும் இடம் இது.

இந்த ஐசிக்குள் 1,024 சொற்கள் இடம் உண்டு. அவற்றில் கடைசி, அதாவது 3எஃப்எஃப் முகவரி, உங்களுடையது அன்று. உள்ளே இருக்கும் 4 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒவ்வொரு ஐசியிலும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் அளந்து, அதற்கு வேண்டிய திருத்த எண்ணை அந்தக் கடைசி இடத்தில் எழுதி அனுப்புகிறார்கள். அங்கே இருப்பது 34 என்று தொடங்கும் ஒரு சொல்: 'இந்த எண்ணை எடுத்துக்கொண்டு திரும்பிப் போ' என்னும் கட்டளை. உங்கள் நிரல் ஆரம்பத்திலேயே அந்த முகவரிக்குப் போய் எண்ணை வாங்கிவந்து ஆஸிலேட்டரைத் திருத்துகிறது.

நீங்கள் முழுக்க அழித்தபோது அந்தச் சொல்லும் போய்விட்டது. இப்போது அங்கே 3எஃப்எஃப்எஃப் இருக்கிறது. நிரல் அங்கே போகிறது. திரும்பிப் போகச் சொல்லும் கட்டளை இல்லை. அங்கிருந்து அடுத்த முகவரிக்கு நகர்ந்தால் நினைவகம் முடிந்து பூஜ்யத்துக்கே வந்துவிடுகிறது. ஆரம்பம், 3எஃப்எஃப், மறுபடி ஆரம்பம் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரிலேயைத் தொடும் வரி வரை ஒருபோதும் வருவதில்லை. புது ஐசியில் ஓடுவதற்கும் இதுவே காரணம்: அதில் தொழிற்சாலை எண் அப்படியே இருக்கிறது.

பிக்கிட் 2 புரோகிராமர் யாரிடமாவது இருந்தால் வாங்கி வாருங்கள். அதன் மென்பொருளில் இந்தத் திருத்த எண்ணைத் தானாக அளந்து மறுபடி எழுதித் தரும் வசதி இருக்கிறது. அது கிடைக்கும் வரை கடைசிச் சொல்லில் 3480 என்று எழுதினால் நடு மதிப்பில் ஓடும். ரிலே அசையும். ஆனால் நேரம் துல்லியமாக இருக்காது, அதை வாடிக்கையாளரிடம் கொடுக்காதீர்கள். ஐசியின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிகரேஷன் சொல்லின் மேலே உள்ள இரண்டு பிட்டுகளும் இதே போல் தொழிற்சாலையில் எழுதப்பட்டவை. இனிமேல் இந்த வகை ஐசி கைக்கு வந்ததும் அழிப்பதற்கு முன் இரண்டையும் படித்து, ஐசியின் முதுகில் சிறு ஸ்டிக்கர் ஒட்டி எழுதிவையுங்கள். என் மேசையில் இந்த வழக்கம் உண்டு. எண் அந்த ஐசிக்கு மட்டுமே உரியது, ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்குப் போட்டுப் பயனில்லை.

சில வேளை இதே ஐசி பலகையிலிருந்து கழற்றிய பிறகும் புரோகிராமருக்குப் பிடிகொடுக்காது. மின்சாரம் வந்த உடனே உள்ளே இருக்கும் பழைய நிரல் ஓடத் தொடங்கி, புரோகிராமருக்கு வேண்டிய கால்களைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்வதுதான் காரணம். 'விபிபி முதலில்' (எழுதும் மின்னழுத்தம் முதலில்) என்ற தேர்வைப் போடுங்கள். நிரல் விழித்துக்கொள்ளும் முன் புரோகிராமர் உள்ளே போய்விடும்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில் சுருக்கம். எல்லாம் பூஜ்யமாக வருவது பாதுகாப்பு பிட் போட்டதற்கு அடையாளம். எழுதியவர் தன் உழைப்பைப் பூட்டி வைத்திருக்கிறார். அந்தப் பூட்டைத் திறக்க நான் வழி சொல்ல மாட்டேன். அந்த டைமர் என்ன செய்கிறது என்று பார்த்து நீங்களே நிரல் எழுதுங்கள். இந்த அளவு பலகைக்கு நிரல் எழுதுவது உங்களைப் போன்ற கைக்காரருக்குப் பெரிய வேலை இல்லை. எழுதி அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.

கேள்வி: வேதாரண்யம் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறோம். காற்றூட்டிகளை மாற்றி மாற்றி ஓட்டும் பலகையில் ஏடிமெகா328பி இருக்கிறது. மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும்போது நாங்கள் அமைத்த நேரங்கள் எல்லாம் குப்பை எண்களாக மாறிவிடுகின்றன. திரும்ப புரோகிராம் ஏற்றி நேரங்களை அமைத்தால் சரியாகிறது. அந்த ஏற்றமும் சில நாள் ஏறுகிறது, சில நாள் ஏறவில்லை. ராத்திரி காற்றூட்டி நின்றால் விடிவதற்குள் இறால் செத்து மிதக்கும்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு இதற்கு உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

நேரங்கள் இருக்கும் இடம் இஇபிராம், மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். அதில் ஒரு பைட் எழுதச் சுமார் 3.4 மில்லி விநாடி ஆகும். மின்சாரம் போகும்போது 5 வோல்ட் சட்டென்று பூஜ்யம் ஆவதில்லை, சரிந்து இறங்குகிறது. அந்தச் சரிவில் ஐசி தள்ளாடியபடி தப்பும் தவறுமாகக் கட்டளைகளை நிறைவேற்றும். அப்போது எங்கே என்ன எழுதும் என்று சொல்ல முடியாது. இதைத் தடுக்கவே பிரவுன்-அவுட் காவல் என்று ஒன்று ஐசிக்குள்ளேயே இருக்கிறது. மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் ஐசியை ரீசெட்டில் நிறுத்திவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது அணைந்திருக்கும். யாரும் அதைப் போடுவதில்லை. நீட்டிப்பு ஃபியூஸை எஃப்சி என்று எழுதினால் 4.3 வோல்ட்டில் காவல் விழும், எஃப்டி என்றால் 2.7 வோல்ட்டில். 5 வோல்ட்டில் 16 மெகாஹெர்ட்ஸ் ஓட்டும் உங்கள் பலகைக்கு 4.3 தான் வேண்டும். மின்சாரம் நம்பகமாக இல்லாத ஊருக்குப் போகும் எந்தப் பலகையையும் இந்தக் காவல் இல்லாமல் அனுப்பக் கூடாது. அனுப்புகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

நிரல் எழுதியவரிடம் இதையும் கேளுங்கள்: இஇபிராமில் எப்போதெல்லாம் எழுதுகிறீர்கள்? அதன் ஒவ்வோர் இடமும் ஒரு லட்சம் முறை எழுதத் தாங்கும். மீதி நேரத்தை நொடிக்கு ஒருமுறை ஒரே இடத்தில் எழுதினால் ஒரு லட்சம் 28 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மதிப்பு மாறும்போது மட்டும் எழுத வேண்டும். ஒவ்வொரு அமைப்பையும் மூன்று இடங்களில் எழுதி, படிக்கும்போது இரண்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் எல்லாக் காற்றூட்டிகளும் ஓட வேண்டும், நிற்கக் கூடாது. கூடவே உயர் ஃபியூஸை டி9க்குப் பதில் டி1 என்று வைத்தால், நீங்கள் புதிதாக நிரல் ஏற்றும்போது அமைத்த நேரங்கள் அழியாமல் இருக்கும்.

'சில நாள் ஏறுகிறது, சில நாள் ஏறவில்லை' என்பதற்குக் காரணம் உங்கள் ஊர்க் காற்று. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்த பிறகு உங்கள் பகுதியிலிருந்து என்னிடம் வந்த பலகைகளின் கால்களில் பச்சை பூத்திருந்தது. புயல் இல்லாத நாளிலும் உப்புக் காற்று அந்த வேலையை மெதுவாகச் செய்துகொண்டேதான் இருக்கிறது. சாக்கெட்டில் செருகிய ஐசியின் கால்கள் கறுத்து, தொடுமிடத்தில் மின்தடை ஏறும். காலை ஈரத்தில் ஒரு மாதிரி, உச்சி வெயிலில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசியைக் கழற்றுங்கள். கால்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொண்டு துடையுங்கள். சாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஐசியை நேராகப் பலகையில் பற்றவையுங்கள். புரோகிராம் ஏற்றும் ஆறு பின்கள்மீது டேப் ஒட்டிக்கொண்டு, பலகை முழுதும் காப்புப் பூச்சு அடியுங்கள். காய்ந்ததும் டேப்பை உரித்து அந்தப் பின்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள்.

இவ்வளவும் செய்து முடிக்கும் வரை, இரவில் குறைந்தது ஒரு காற்றூட்டியாவது பலகையை நம்பாமல் நேரடி சுவிட்சில் ஓடட்டும்.

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் பள்ளி ஆசிரியர். மாணவர்களோடு சேர்ந்து இஎஸ்பி32 பலகையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் கருவி செய்தோம். ரிலேயை 12ஆம் பின்னில் கோத்த பிறகு பலகை துவங்கவும் இல்லை, நிரல் ஏறவும் இல்லை. ரிலேயைக் கழற்றினால் எல்லாம் சரியாகிறது. ரிலே கெட்டதா?

பதில்: கழற்றிப் பார்த்தீர்களே, ஆசிரியரே, அதுதான் சரியான சோதனை. மாணவர்களுக்கு நீங்கள் செய்து காட்டியதிலேயே சிறந்த பாடம் அது.

ரிலே நலம். இஎஸ்பி32 எழுந்திருக்கும் கணத்தில் சில பின்களைப் பார்த்துத் தன்னை அமைத்துக்கொள்கிறது. 12ஆம் பின் அவற்றில் ஒன்று. அது மேல்நிலையில் இருந்தால், நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு 3.3க்குப் பதிலாக 1.8 வோல்ட் கொடுக்கிறது. அந்த நினைவகத்தால் 1.8இல் வேலை செய்ய முடியாது. உங்கள் ரிலே பலகை அந்தப் பின்னை மேலே இழுத்துப் பிடித்திருக்கிறது. 25, 26, 27 ஆகிய பின்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். 0, 2, 15 ஆகியவற்றையும் இயன்றவரை விட்டுவிடுங்கள். ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று புள்ளிகள் ஓடி நின்றுபோனால், புள்ளிகள் தொடங்கியதும் பூட் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஏறத் தொடங்கியதும் விடுங்கள்.

கேள்வி: அம்மா, நான் திருத்துறைப்பூண்டியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். உண்டியல் காசில் ஏடிமெகா328பி ஐசி ஒன்று தபாலில் வரவழைத்தேன். கையொப்பம் 1ஈ 95 14 என்று வருகிறது. 0எஃப் வரவேண்டுமாம். அண்ணன் இது போலி என்கிறான். அழுகையாக வருகிறது.

பதில்: அழாதே, கண்ணு. எத்தனை முறை படித்தாலும் அதே எண் வருகிறதா என்று முதலில் பார். வந்தால், உன் மின்சாரம், கம்பி, வேகம் எல்லாம் சரி என்று பொருள். இந்த வயதில் அதுவரை வந்ததே பெரிது.

1ஈ 95 14 என்பது ஏடிமெகா328 ஐசியின் கையொப்பம். 'பி' இல்லாத அதன் உடன்பிறப்பு. நினைவகம் அதே அளவு, கால்கள் அதே வரிசை. 'பி' உள்ளது உறங்கும்போது இன்னும் குறைவாக மின்சாரம் இழுக்கும். உன் எல்இடிக்கும் பஸ்ஸருக்கும் அந்த வேறுபாடு தெரியப்போவதில்லை. ஐசியின் முதுகில் 'பி' அச்சாகியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார். அச்சாகியிருந்தால் விற்றவர் ஒன்றைச் சொல்லி வேறொன்றை அனுப்பியிருக்கிறார், அப்பாவிடம் சொல்லி அவருக்கு எழுதச் சொல். அப்படி இருந்தாலும் ஐசி வேலை செய்யும்.

மென்பொருளில் ஐசியின் பெயரை 328 என்று மாற்றிவிட்டு ஏற்று. கையொப்பச் சோதனையைத் தாண்டிப்போகும் விருப்பம் ஒன்றை உன் அண்ணன் சொல்லக்கூடும்; அதைப் பயன்படுத்தாதே. சரியான பெயரைச் சொன்னாலே வேலை முடிந்துவிடும். ஏறி முடிந்து, சரிபார்த்தது என்ற வரியும் வந்த பிறகு, நொடிக்கு ஒருமுறை மின்ன வேண்டிய எல்இடி பதினாறு நொடிக்கு ஒருமுறை மின்னினால் ஐசியைக் குறை சொல்லாதே. புது ஐசி 1 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, நிரல் 16 மெகாஹெர்ட்ஸ் என்று நினைத்து மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. மென்பொருளில் கடிகாரத்தை 1 மெகாஹெர்ட்ஸ் என்று மாற்றி மறுபடி ஏற்று. ஃபியூஸை இப்போது தொட வேண்டாம். அதை மாற்ற ஆசை வந்தால், மேலே மயிலாடுதுறை அண்ணனுக்கு எழுதிய பதிலைப் படித்துவிட்டு, கிரிஸ்டலும் இரண்டு கெப்பாசிட்டரும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகு மாற்று.